கூரையின் விலை – 9: கட்டில் இருக்கக் கூடாத வீடு

சென்ற வாரம் வியன்னாவில் இருந்தோம். நகராட்சியே கட்டி, நகராட்சியே கட்டுப்படியாகும் வாடகைக்கு விட்ட வீடுகளைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு நேர் எதிர். ‘இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது’ என்று நகராட்சி சட்டம் போட்டிருந்த இடத்தை, அது தெரிந்தே காசு கொடுத்து வாங்கிக் குடிவந்தவர்களின் கதை.

இடம் நியூயார்க். மன்ஹாட்டனின் தென்பகுதியில், ஹௌஸ்டன் தெருவுக்கும் கனால் தெருவுக்கும் நடுவே இருக்கும் சோஹோ. இன்றைக்கு அங்கே போகிறவர்கள் கடை பார்க்கப் போகிறார்கள். பிராட்வேயும் பிரின்ஸ் தெருவும் சேரும் முனையில் பிராடாவின் பெரிய கடை, ரெம் கூல்ஹாஸ் வடிவமைத்து 2001-ல் திறந்தது. அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் இருந்தது குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் கிளை. இன்னும் நாற்பது வருடம் பின்னால் போனால், இந்த வட்டாரத்துக்குத் தீயணைப்புக்காரர்கள் வைத்திருந்த பெயர் ‘நரகத்தின் நூறு ஏக்கர்’.

காரணம் இல்லாமல் வைத்த பெயர் அல்ல. மாடி மாடியாகக் கந்தல் துணி, அட்டைப்பெட்டி, காகிதம். எல்லாமே பற்றிக்கொள்ளக் காத்திருந்த சரக்கு. 1958 பிப்ரவரி 14 இரவு வூஸ்டர் தெருவில் ஒரு கட்டடம் பற்றியெரிந்து சரிந்தபோது, அணைக்க உள்ளே போன ஆறு பேர் திரும்பி வரவில்லை.

கட்டடங்கள் மட்டும் அப்படி ஒரு அழகு. பெரும்பாலானவை 1850-களுக்கும் 1880-களுக்கும் நடுவில் எழுந்தவை. முகப்பு முழுக்க வார்ப்பிரும்பு. தூண், வளைவு, இலை வேலைப்பாடு எல்லாவற்றையும் வார்ப்பட ஆலையில் துண்டு துண்டாக வார்த்து, வண்டியில் கொண்டுவந்து, போல்ட் போட்டு முடுக்கி, கல்லைப் போலத் தெரிய வண்ணம் அடித்துவிட்டார்கள். எந்தத் தூண் வேண்டும், எந்த வளைவு வேண்டும் என்று கடைக்காரர் விலைப்பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இரும்பு பாரம் தாங்கியதால் தூண்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மேல் சன்னல் வைக்க முடிந்தது. முதலில் இங்கே இருந்தவை ஆடம்பரக் கடைகளும் துணி மொத்த வியாபாரமும்தான். பிராட்வேயும் புரூம் தெருவும் சேரும் இடத்தில் பீங்கானும் கண்ணாடியும் விற்ற ஹாவ்வவுட் கடையில்தான் 1857-ல் ஓட்டிஸ் தன் பயணிகள் லிஃப்ட்டை முதன்முதலாகப் பொருத்தினார். பிறகு பணக்காரக் கடைகள் வடக்கே நகர்ந்தன. தொழிற்கூடங்களும் கிடங்குகளும் வந்தன.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தொழிற்கூடங்களும் நகர ஆரம்பித்தன. ஆறு மாடிக் கட்டடத்தில், ஒற்றைச் சரக்கு லிஃப்ட்டை நம்பித் தொழில் செய்வது இனி கட்டாது என்று ஆனது. புறநகரில் பரந்த நிலத்தில் ஒரே தளமாக ஆலை போட்டால் லாரி நேரே வாசலுக்கு வரும். சோஹோவின் குறுகலான தெருவில் பெரிய லாரி திரும்பவே முடியாது.

இடம் காலியானதற்கு இது போதும். அடிமாட்டு விலைக்குப் போனதற்கு இன்னொரு காரணம் இருந்தது: ராபர்ட் மோசஸின் சாலை. நியூயார்க்கின் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் தன் இஷ்டத்துக்குப் போட்ட அந்தச் சக்திவாய்ந்த அதிகாரி, தீவின் குறுக்கே புரூம் தெரு வழியாக ஒரு விரைவுச்சாலை போடத் திட்டம் வைத்திருந்தார். 1940-களிலிருந்தே அது வரைபடத்தில் இருந்தது. 1962-ல் நகர நிர்வாகம் நிராகரித்தது. சாகவில்லை, மறுபடி எழுந்தது. இன்றோ நாளையோ இடிக்கப்போகும் கட்டடத்துக்கு எந்த உரிமையாளர் வெள்ளையடிப்பார்? எந்த வங்கி கடன் தரும்? இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சாலை போடப்படாமலேயே அந்த வட்டாரத்தின் விலையை அமுக்கி வைத்திருந்தது. சோஹோ கலைஞர்களின் கதையை எழுதுகிறவர்கள் ஓவியத்திலிருந்து தொடங்குவது வழக்கம். என்னைக் கேட்டால் மோசஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் மிரட்டாமல் இருந்திருந்தால் இவர்களால் அந்தத் தெருவில் எதையும் வாங்கியிருக்க முடியாது.

ஓவியர்களுக்கு என்ன தேவைப்பட்டது? அந்தக் காலத்து அமெரிக்க ஓவியம் சுவர் அளவுக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. சிற்பிகள் எஃகுத் தகட்டையும் கட்டுமான மரத்தையும் கையில் எடுத்திருந்தார்கள். இரண்டு அறை வாடகை வீட்டில் இந்த வேலை ஆகாது. சோஹோவின் லாஃப்ட் அதற்கென்றே கட்டியது மாதிரி இருந்தது. (நம் வீட்டில் பழைய அண்டாவைப் போட்டு வைக்கும் லாஃப்ட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது தொழிற்கூடத்தின் ஒரு முழுத் தளம்.) மனைகள் பெரும்பாலும் இருபத்தைந்து அடி அகலம், நூறடி ஆழம். முன்னாலும் பின்னாலும் பெரிய சன்னல்கள், நடுப்பகுதி பகலிலும் இருட்டு. கூரை பன்னிரண்டு, பதினைந்து அடி உயரத்தில். பாரம் தாங்கும் தரை, சரக்கு ஏற்றும் லிஃப்ட். உள்ளே நுழைந்தால் இயந்திர எண்ணெய் ஊறிய பலகை, பிடுங்காமல் விட்ட ஆணிகள், அழுக்கு படிந்த கண்ணாடி. சமையலறை கிடையாது. குளியலறையும் கிடையாது; தொழிலாளர்களுக்கான ஒரு கழிவறையும் குளிர்ந்த தண்ணீர்க் குழாயும் இருக்கும்.

அங்கே வேலை செய்யலாம், படுக்கக் கூடாது. அது தொழில் மண்டலம். எனவே முதலில் வந்தவர்கள் வேலைக்கென்று வாடகைக்கு எடுத்து, திருட்டுத்தனமாகக் குடியிருந்தார்கள். இரவில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாதபடி சன்னலை மறைத்தார்கள். ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் கட்டிலையும் அடுப்பையும் கேன்வாஸுக்குப் பின்னால் தள்ளிவிடுவது வழக்கம். தொழிலாளர்கள் வீட்டுக்குப் போகும் நேரத்துக்குக் கட்டடத்தின் வெப்பமூட்டி நின்றுவிடும். சனி ஞாயிறு முழுக்க வராது. நியூயார்க் பனிக்காலத்தில் அது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். வீடே இல்லாத தெருவில் வீட்டுக் குப்பை எப்படி வரும்? அதனால் நகராட்சி லாரி அள்ளாது. ராத்திரியில் பையைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவின் குப்பைத்தொட்டியைத் தேடிப் போவார்கள். மளிகைக் கடையும் இல்லை.

அழைப்பு மணியும் இல்லை. பார்க்க வருகிறவர் முனையில் இருக்கும் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட வேண்டும். அல்லது தெருவில் நின்று கத்த வேண்டும். நான்காம் மாடியிலிருந்து சன்னல் திறக்கும், தலை எட்டிப் பார்க்கும், சுருட்டிய சாக்ஸ் ஒன்று கீழே விழும். உள்ளே சாவி. இரும்புச் சாவி வெறுமனே விழுந்தால் கீழே நிற்பவரின் மண்டையைப் பதம் பார்த்துவிடும் என்பதால் சாக்ஸ். அந்தக் காலத்து சோஹோவில் இருந்தவர்கள் யார் நினைவுக் குறிப்பு எழுதினாலும் இந்தச் சாக்ஸ் அதில் வந்துவிடுகிறது.

நெருக்கடி முற்றியபோது, 1961-ல், கலைஞர்கள் ஒரு மிரட்டல் விடுத்தார்கள்: வெளியேற்றினால் எங்கள் படைப்புகளைக் காட்சிக்குத் தரமாட்டோம். மேயர் ராபர்ட் வாக்னர் பாதி இறங்கி வந்தார். கலைஞர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் ‘ஏ.ஐ.ஆர்.’ என்று பலகை மாட்ட வேண்டும். ‘கலைஞர் வசிக்கிறார்’ என்பதன் சுருக்கம் அது. எந்தத் தளம் என்றும் அதில் போட வேண்டும். தீப்பிடித்தால் எந்த மாடியில் ஆள் இருக்கிறது என்று தீயணைப்புக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமே! நகரம் அவர்களுக்கு முதலில் கொடுத்த அங்கீகாரம் இதுதான்.

வாடகையில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. குழாய் இழுத்து, மின்கம்பி போட்டு, தரையை இழைத்து, குளியல் தொட்டியை நான்கு மாடி தூக்கி வைத்து, பாழடைந்த தளத்தை மனிதர் வாழும் இடமாக்குவது குடியிருப்பவர். ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையை ஏற்றுவது உரிமையாளர். காகிதத்தில் அது வணிக வாடகை என்பதால் வீட்டு வாடகைதாரருக்கான எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ‘என்னை வெளியேற்றுகிறார்’ என்று வழக்குப் போட்டால், நீ அங்கே எப்படிக் குடியிருந்தாய் என்று நீதிபதி முதலில் கேட்பார். உழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழி, வாங்கிவிடுவது. ஆனால் வங்கி? குடியிருக்கத் தகுதிச் சான்றிதழ் இல்லாத கட்டடத்துக்கு, மாதச் சம்பளம் இல்லாத ஓவியருக்கு, இடிக்கப்போகிற வட்டாரத்தில் எந்த வங்கியும் வீட்டுக் கடன் தராது.

இந்த இடத்தில்தான் ஜார்ஜ் மாச்சியூனஸ் வருகிறார். லிதுவேனியாவில் பிறந்தவர், கட்டடக் கலை படித்தவர், ஃப்ளக்ஸஸ் என்ற குறும்புக்காரக் கலை இயக்கத்தின் அமைப்பாளர். கலைஞர்கள் கூட்டாகச் சேர்ந்து மொத்தக் கட்டடத்தையே வாங்கிவிட வேண்டும் என்பது அவர் யோசனை. 1967-ல் ஜே.எம். கேப்லன் அறக்கட்டளையின் ஆதரவோடு வூஸ்டர் தெரு 80-ம் எண் கட்டடத்தில் முதல் பெரிய கூட்டுறவைத் தொடங்கினார். அடுத்த சில வருடங்களில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அவர் கையால் இப்படி மாறின. கொரியாவில் பிறந்த வீடியோ கலை முன்னோடி நாம் ஜூன் பைக் குடியிருந்த மெர்சர் தெரு 110-ம் எண் அவற்றில் ஒன்று.

வாங்கினார்கள் என்றால் எதை வாங்கினார்கள்? நம் ஊரில் ஃப்ளாட் வாங்கினால் பிரிக்கப்படாத நிலப்பங்கை நம் பெயருக்குப் பத்திரப்பதிவு செய்து தருகிறார்கள். நியூயார்க் கூட்டுறவில் அப்படி ஒரு பத்திரமே கிடையாது. கட்டடம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நீங்கள் வாங்குவது அந்த நிறுவனத்தின் பங்குகள். அந்தப் பங்குகளுக்காக உங்களுக்கு ஒரு தளத்தைக் குத்தகையாக எழுதித் தருவார்கள். கட்டடத்தின் மேல் உள்ள அடமானம் எல்லோருக்கும் பொது. மூன்றாம் மாடிக்காரர் மாதத் தவணையை நிறுத்தினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். விற்கும்போது புதிதாக வருகிறவரைக் குழு ஏற்க வேண்டும். தனி ஆளுக்குக் கடன் கிடைக்காத இடத்தில் இந்த முறை நன்றாகவே வேலை செய்தது. பத்துப் பேரின் முன்பணம் சேர்ந்தால் ஒரு கட்டடத்தைப் பேசி முடிக்கலாம். பாக்கியைப் பழைய உரிமையாளருக்கே தவணையில் அடைக்கலாம்.

மாச்சியூனஸ் இதில் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. 80-ம் எண்ணின் அடித்தளத்தில்தான் வாழ்ந்தார். ஆனால் கணக்கு வைத்த விதம் பயங்கரம். ஒரு கட்டடத்துக்கு வாங்கிய முன்பணம் இன்னொரு கட்டடத்தின் கூரைக்குப் போகும். அதைச் சரிக்கட்ட மூன்றாவது கட்டடத்துக்கு ஆள் சேர்ப்பார். கூட்டுறவுப் பங்கை விற்பது சட்டப்படி முதலீட்டுப் பத்திரம் விற்பதற்குச் சமம். அரசிடம் முறையாக விவரம் தாக்கல் செய்துவிட்டுத்தான் விற்க வேண்டும். அவர் செய்யவில்லை. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் துரத்தியது. மனிதர் கதவைப் பலப்படுத்தி, உள்ளே வருகிறவர் கையை வெட்டும்படி கூர்மையான தகடுகளைப் பொருத்தினார். வெளியூரில் இருக்கும் நண்பர்கள் மூலம் பல நாடுகளிலிருந்து அட்டர்னி ஜெனரலுக்கு அஞ்சலட்டை அனுப்பவைத்து, தான் ஊரிலேயே இல்லை என்று போக்குக் காட்டினார். இதையும் ஒரு கலை நிகழ்வாகப் பதிவு செய்துகொண்டார் என்பதுதான் ஃப்ளக்ஸஸ்.

வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். முடிவு வேடிக்கையாக இல்லை. 1975-ல், வேலைக்கான பணப் பாக்கி தகராறில் ஏவிவிடப்பட்ட ஆட்கள் அவரை அடித்து நொறுக்கினார்கள். ஒரு கண் பார்வை போனது. நியூயார்க்கை விட்டு மாசசூசெட்ஸ் கிராமப்புறத்துக்குப் போனார். 1978-ல் புற்றுநோயில் இறந்தபோது வயது 46. அவரைச் சோஹோவின் தந்தை என்கிறவர்களும் உண்டு, முன்பணத்தைத் தொலைத்தவர் என்று திட்டியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சொல்வது உண்மை. பணக் கணக்கில் ஒழுங்கு வைத்திருக்கக் கூடிய ஆள் யாரும் அன்றைக்கு அந்தக் கட்டடங்களைத் தொட்டே இருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

அந்த 80-ம் எண் கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. கீழ்த்தளத்தில் ஜோனஸ் மேகஸின் திரைப்படக் கூடம். மாடியில் குடியிருந்தவர்களில் நடனக் கலைஞர் ட்ரிஷா பிரவுன் ஒருவர். 1970 ஏப்ரலில் அவர் ஒரு நிகழ்ச்சி வடிவமைத்தார்: கயிறு கட்டிய ஓர் ஆள் அதே கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, தரைக்கு இணையாக உடம்பை நீட்டியபடி, சுவர் மேல் சாதாரணமாக நடந்து தெருவுக்கு இறங்கினார். அவ்வளவுதான் நடனம். வீட்டுச் சுவரை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் சுவர் சொந்தமாக இருக்க வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூட அனுமதி கேட்கிற நமக்கு இது சட்டென்று புரியும்.

கூட்டுறவில் சேராமல் தனியாக வாங்கியவர்களும் இருந்தார்கள். சிற்பி டொனால்ட் ஜட் 1968-ல் ஸ்பிரிங் தெரு 101-ம் எண் கட்டடத்தை வாங்கினார். 1870-ல் கட்டியது, ஐந்து தளங்கள், இரண்டு தெருக்கள் சேரும் முனை என்பதால் இரண்டு பக்கமும் வெளிச்சம். விலை 68,000 டாலர். ஒரு தளம் சாப்பிட, ஒரு தளம் வேலை செய்ய, உச்சியில் ஒரு தளம் தூங்க என்று பிரித்துக்கொண்டார். தூங்கும் தளத்தில் நண்பர் டான் ஃப்ளாவினின் குழல்விளக்குச் சிற்பம் தளத்தின் நீளத்துக்கும் ஓடுகிறது. மேசையும் கட்டிலும் அவரே வடிவமைத்தவை. இன்று ஜட் அறக்கட்டளை அதை அப்படியே வைத்திருக்கிறது, முன்பதிவு செய்து பார்க்கலாம்.

வாங்கிய வருடத்தைக் கவனியுங்கள். 1968-ல் மோசஸ் திட்டம் உயிரோடு இருந்தது. அந்த ஏப்ரலில்தான் ஒரு பொது விசாரணைக் கூட்டத்தில், சாலையை எதிர்த்து மேடையேறிய எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் கைது செய்யப்பட்டார். புரூம் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், இடிக்கப்படலாம் என்று தெரிந்தே ஜட் வாங்கினார். வாங்கியபின் சும்மா இருக்க முடியுமா? அவருடைய அன்றைய மனைவி ஜூலி ஃபின்ச் ‘விரைவுச்சாலைக்கு எதிரான கலைஞர்கள்’ என்ற அமைப்பை முன்னின்று நடத்தினார். சாலை எதிர்ப்பு இயக்கத்தை ஆரம்பித்தவர்கள் அந்தப் பக்கத்துப் பழைய குடியிருப்புவாசிகள். இத்தாலியக் குடும்பங்கள், தேவாலயப் பாதிரியார், ஜேக்கப்ஸ். ஓவியர்கள் கடைசியில் வந்து சேர்ந்தவர்கள்தான். வந்தபோது கையில் சொத்து இருந்தது, பத்திரிகைகளில் பெயரும் இருந்தது. 1969-ல் மேயர் ஜான் லிண்ட்சே திட்டத்தைக் கைவிட்டார்.

விலையை அமுக்கி வைத்திருந்த முதல் கல் நகர்ந்தது. அடுத்தது சட்டம். 1971 ஜனவரியில் நகரம் சோஹோவின் மண்டல விதியைத் திருத்தியது: இனி கலைஞர்கள் இங்கே வேலை செய்தபடி குடியிருக்கலாம். எழுதிய விதத்தில்தான் சூட்சுமம். குடியிருப்பு மண்டலமாக மாற்றவில்லை. ‘கலைஞர்களுக்கான வாழ்-பணி இடம்’ என்று ஒரு புதிய வகையை உண்டாக்கி, அதைத் தொழில் பயன்பாடுகளின் பட்டியலில் சேர்த்தார்கள். சட்டத்தின் பார்வையில் அது வீடு இல்லை. தொழிலாளி உள்ளேயே தூங்க அனுமதி உள்ள தொழிற்கூடம்.

யார் கலைஞர்? அதை முடிவு செய்ய நகரம் ஒரு குழுவை நியமித்தது. விண்ணப்பிப்பவர் தன் படைப்புகளின் படங்களைக் காட்ட வேண்டும், தொடர்ந்து செய்துவருவதை நிரூபிக்க வேண்டும், அந்த வேலைக்குப் பெரிய இடம் ஏன் தேவை என்றும் சொல்ல வேண்டும். படம் விற்கிறதா, காசு வருகிறதா என்பது அளவுகோல் இல்லை. நல்ல விதி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் சான்றிதழ் மனிதருக்குத்தான், தளத்துக்கு அல்ல. விற்றால், வாங்குகிறவரும் சான்றிதழ் பெற்ற கலைஞராக இருக்க வேண்டும். அதாவது, ஓவியர் ஒருவர் வாங்கிய இடத்தை இன்னோர் ஓவியருக்கு, ஓவியரால் கொடுக்க முடிந்த விலைக்குத்தான் விற்க முடியும். ஏட்டில் இருந்த இந்தக் கட்டுப்பாட்டை நகரம் கண்டிப்பாக அமல்படுத்தியிருந்தால் சோஹோ இன்றும் கலைஞர்களின் ஊராக இருந்திருக்கலாம்.

அமல்படுத்தவில்லை. 1970-லேயே ‘லைஃப்’ பத்திரிகை லாஃப்ட் வாழ்க்கையைப் படம் போட்டுக் காட்டியது. 1974-ல் ‘நியூயார்க்’ வார இதழ், நகரத்தில் வாழ மிகச் சுவாரசியமான இடம் இதுதான் என்று அட்டையில் போட்டது. 1973-ல் நகரம் இருபத்தாறு பிளாக்குகளைப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தது. இனி இடிக்க முடியாது. தெருவில் குப்பை லாரி வந்தது, வங்கி வந்தது. பிறகு வக்கீல்கள், பங்குச் சந்தைக்காரர்கள் வந்தார்கள். சான்றிதழ் இல்லாமல் வாங்குகிறவரிடம் கூட்டுறவுக் குழு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளும்: ‘இது கலைஞருக்கான இடம் என்று எனக்குத் தெரியும், நாளை ஏதாவது ஆனால் பொறுப்பு என்னுடையது.’ சோஹோ கடிதம் என்றே அதற்குப் பெயர். பல லட்சம் டாலர் சொத்து இப்படி ஒரு கடித நம்பிக்கையில் கைமாறியது.

வாடகைக்கு இருந்தவர்களின் கதை வேறு. 1982-ல் மாநில அரசு லாஃப்ட் சட்டம் கொண்டுவந்து, ஏற்கெனவே குடியிருந்தவர்களை வெளியேற்றாமல் கட்டடத்தைக் குடியிருப்புத் தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்று உரிமையாளர்களுக்குக் கட்டளையிட்டது. அந்தப் பாதுகாப்புக்குள் வந்தவர்கள் தங்கினார்கள். அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டவர்கள் போனது போனதுதான்.

இந்தக் கதையில் பெயரே வராத ஒரு கூட்டமும் உண்டு. 1963-ல் செஸ்டர் ராப்கின் என்ற திட்டவியலாளர் நகரத்துக்காக இந்த வட்டாரத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். எல்லாவற்றையும் இடித்து நடுத்தர வர்க்கத்துக்குக் குடியிருப்பு கட்டலாம் என்ற யோசனை அப்போது இருந்தது. வேண்டாம் என்றார் ராப்கின். பார்க்கப் பாழாக இருந்தாலும் உள்ளே சிறு தொழில்கள் ஓடுகின்றன; வேறெங்கும் எளிதில் வேலை கிடைக்காத கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும், அவர்களில் ஏராளமான பெண்களும், ஆயிரக்கணக்கில் இங்கே பிழைக்கிறார்கள் என்று எழுதினார். அந்த அறிக்கை கட்டடங்களைக் காப்பாற்றியது. அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களைக் காப்பாற்றவில்லை. வாடகை ஏற ஏற, தையல் கூடமும் அட்டைப்பெட்டிப் பட்டறையும் காலி செய்தன. காலி இடம் என்று நாம் படிக்கும்போது, அதில் ஒரு பகுதி காலியாக்கப்பட்ட இடம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1990-களில் ஓவியக் கூடங்களும் கிளம்பின. 1968-ல் பிரின்ஸ் தெருவில் கடை விரித்த பவுலா கூப்பர் 1996-ல் மன்ஹாட்டனிலேயே இருக்கும் செல்சிக்குப் போனார். அங்கேயும் அன்று இருந்தவை லாரி நிறுத்தும் கொட்டகைகளும் கிடங்குகளும்தான். மிச்சமாக நின்றவற்றில் எனக்குப் பிடித்தது வூஸ்டர் தெரு 141-ம் எண்ணின் இரண்டாம் தளம். 1977-ல் கலைஞர் வால்டர் டி மரியா அங்கே 3,600 சதுர அடியில் 22 அங்குல உயரத்துக்கு மண்ணைக் கொட்டி நிரப்பினார். டியா கலை அறக்கட்டளை இன்றுவரை அந்த மண்ணுக்குத் தண்ணீர் தெளித்து, வாரி, காளான் முளைத்தால் பிடுங்கிப் பராமரிக்கிறது. பார்க்கக் கட்டணம் இல்லை. வீட்டுத் தரகர்கள் அந்தத் தெருவைக் கடக்கும்போது என்ன நினைப்பார்களோ!

2021 டிசம்பரில் நகர மன்றம் மறுபடி விதியை மாற்றியது. பெரிய கட்டடங்களுக்கு அனுமதி, அதில் ஒரு பங்கு கட்டுப்படியாகும் வீடுகள் என்று பல அம்சங்கள். நம் கதைக்கு முக்கியமானது ஒன்று: கலைஞர் சான்றிதழ் இல்லாதவர்கள் தங்கள் தளத்தைச் சாதாரணக் குடியிருப்பாக மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கலை நிதிக்குப் பணம் கட்ட வேண்டும், சதுர அடிக்கு 100 டாலர் என்று அன்று விதித்தார்கள். குடியிருப்பவர்கள் கொதித்துப்போய் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஐம்பது வருடமாக இருந்துவரும் வயதான ஓவியர்கள், விற்கும் நேரத்தில் இந்தத் தொகை தங்கள் தலையில்தான் விழும் என்றார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த இடம் அவர்களுக்கு அந்த விலையில் கிடைத்ததே ‘கலைஞர் மட்டும்’ என்ற வில்லங்கத்தோடுதான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மலிவான வட்டாரம், கலைஞர்கள் இருக்கிறார்கள், பழைய ஆலைக் கட்டடம் என்று இன்றைக்கும் பல நகரங்களில் விளம்பரம் வருகிறது. அப்படி ஓர் இடத்தைப் பார்க்கப் போகிறவர் அது ஏன் மலிவு என்பதை முதலில் கேட்க வேண்டும். சாலைத் திட்டமா, மண்டல விதியா, தகுதிச் சான்றிதழ் இல்லாததா? அந்தக் காரணம் நீங்கும் நாளில் விலை ஏறும். அன்றைக்கு நீங்கள் வாங்கியவராக இருக்கிறீர்களா, வாடகைக்காரராக இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்துத்தான் லாபமும் நட்டமும்.

ஒரு கணக்கோடு முடிக்கிறேன். ஜட் வாங்கிய கட்டடம் சுமார் 8,500 சதுர அடி. 68,000 டாலருக்கு வாங்கியதால் சதுர அடி 8 டாலர் ஆகிறது. அதே கட்டடத்தை ஜட் அறக்கட்டளை பழுதுபார்த்து 2013-ல் திறந்தபோது ஆன செலவு சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர். அந்த வட்டாரத்தில் கலைஞர் அல்லாத ஒருவர் சட்டப்படி குடியிருக்க, வாங்கிய விலைக்கு மேல் கட்ட வேண்டும் என்று 2021-ல் விதிக்கப்பட்ட கட்டணம் மட்டும் சதுர அடிக்கு 100 டாலர்.

அடுத்த வாரம் கென்டக்கி மாநிலத்தின் படூகா. ‘கலைஞர்களே, வாருங்கள், வீடு தருகிறோம்’ என்று 2000-ல் நகராட்சியே கூப்பிட்ட ஊர்.

(தொடரும்)